மகளிடம் நான் ஜெயித்த வழக்கு

நீதிமன்றத்தில் நகல் எடுப்பவனாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு பெஞ்ச் கிளார்க்காகி, கடைசியில் அலுவலகத்துக்குத் தலைமையான சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ராசிபுரம் பக்கத்துக்காரன். ஓய்வுக்குப் பிறகு சூரமங்கலத்தில் வீடு பார்த்துக்கொண்டோம். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், ரயிலை விட்டு இறங்கினால் பத்து நிமிடத்தில் நடந்தே வந்துவிடலாம் என்பதுதான் காரணம்.

ஒரே மகள், நான் சாமி என்றுதான் கூப்பிடுவேன். என் வேலையைப் பற்றி அவள் எதுவும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் கோர்ட்டில் இருக்கிறார் என்பாள். வக்கீலா என்றால் இல்லை என்பாள். அதற்கு மேல் அவளுக்கே தெரியாது. அதனால் அந்தச் சித்திரை மாதத்தில் ஒரு நாள் போனில், "அப்பா, டெல்லியில அந்தக் கல்யாண கேஸ் நடக்குதில்லீங்களா, பாக்கறீங்களா?" என்று கேட்டபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும் என்று கேட்டுப் பல பேர் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள். ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். நேரடி ஒளிபரப்பு. நான் வேலை பார்த்த காலத்தில் வராந்தாவில் நிற்கிறவர்களுக்கே உள்ளே நடப்பது கேட்காது. இப்போது வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டெல்லி வாதத்தைக் கேட்கிறேன். கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, இன்ன வக்கீல் இன்ன பாயிண்ட் எடுத்தார் என்று பழைய பழக்கத்தில் குறித்து வைப்பேன். சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்வேன்.

அவள் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள். மறுத்துப் பேசுவாள்.

என் கட்சி எளிமையானது. சட்டம் எழுதுவது சட்டமன்றத்தின் வேலை, எழுதியதற்குப் பொருள் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. கணவன் என்றும் மனைவி என்றும் எத்தனை சட்டங்களில் எழுதி வைத்திருக்கிறது. வாரிசு, ஜீவனாம்சம், தத்து. ஒரு இடத்தில் ஒரு சொல்லை மாற்றினால் மற்ற இடங்களிலெல்லாம் முடிச்சு அவிழும். அதை ஐந்து பேர் உட்கார்ந்து செய்ய முடியாது.

"அப்ப இப்படிச் சேந்து இருக்கறது குத்தமில்லைன்னு முன்னால இதே கோர்ட்டுல தீர்ப்புக் குடுத்தாங்களே, அன்னைக்கு மட்டும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"அது தப்பான சட்டத்த இடிச்சாங்க சாமி. இடிக்கறதுக்கு கோர்ட்டுக்குப் பவர் இருக்குது. இது புதுசாக் கட்டச் சொல்றாங்க. இடிக்கறது வேற, கட்டறது வேற."

"இடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டா ஜனங்க எங்க குடியிருப்பாங்கப்பா?"

நான் சிரித்தேன். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் கூடத்து வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு காயை எடுத்து நாரை உரித்தாள்.

மகளும் இன்னொரு பெண்ணும் பெங்களூரில் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வாழப்பாடி. விவசாயக் குடும்பம். இருவரும் ஒரே கம்பெனி. மூன்று பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், பொங்கலன்று எங்களோடு இருந்துவிட்டு மறுநாள் பஸ் ஏறி ஊருக்குப் போவாள். என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். வரும்போதே ஜங்ஷனுக்குப் பக்கத்தில் தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு வருவாள், எனக்குக் காரம் குறைவாக, தனிப் பொட்டலத்தில். நல்ல பெண், நம் பிள்ளைக்கு வெளியூரில் ஒரு துணை என்று நினைத்திருந்தேன். அதற்கு மேல் நான் நினைக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விசாரணை முடிந்து தீர்ப்பை ஒத்திவைத்தார்கள். அதற்குப் பிறகும் எங்கள் வாதம் ஓயவில்லை. வைகாசி போய் ஆடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கூப்பிட்டால் வேறு பேச்சு இரண்டு நிமிடம், இந்தப் பேச்சு அரை மணி நேரம். அப்படி ஒரு நாள்தான் அவளுக்கு அந்த வழக்கைச் சொன்னேன்.

நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்தபோது ஒரு சின்ன ஊர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண்மணி வந்தார். லாரி டிரைவர் ஒருவரோடு பல வருடம் குடும்பம் நடத்தியவர். தாலி உண்டு, ஊரறிய வாழ்ந்தார்கள். ஆனால் அந்த மனிதருக்கு முறைப்படி கட்டிய மனைவி வேறு ஊரில் இருந்தார். டிரைவர் விபத்தில் இறந்ததும், இவர்கள் குடியிருந்த வீடு யாருக்கு என்று சண்டை வந்தது. சட்டப்படி இந்தப் பெண்மணிக்கு ஒன்றும் கிடையாது. எங்கள் நீதிபதி இளகிய மனதுக்காரர். பக்கம் பக்கமாக எழுதி வீட்டை இவருக்கே கொடுத்தார். அந்தப் பெண்மணி நீதிமன்ற வாசலில் என்னிடமே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். ஐந்து வருடம் கழித்து அப்பீலில் தீர்ப்பு ரத்தானது. வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க, உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் ஆமீன் போனபோது நானும் கூடப் போனேன். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார். வாசலில் முருங்கை வைத்து அது காய்த்திருந்தது. பாத்திரங்களை அவரே எடுத்து வெளியே வைத்தார், எங்களை ஒன்றும் சொல்லவில்லை.

"கோர்ட்டுக்கு இல்லாத அதிகாரத்துல ஒருத்தருக்கு நல்லது செஞ்சா இப்படித்தான் ஆவும் சாமி," என்று முடித்தேன். "குடுக்காம இருந்திருந்தா அந்தம்மா அன்னைக்கே வேற எடம் பாத்திருக்கும்."

மகள் சொன்னாள்: "அந்த அஞ்சு வருசம் அந்தம்மா அந்த ஊட்ல இருந்தாங்கல்லப்பா."

"இருந்தாங்க."

"அது போதும்னு அவங்களுக்குத் தோணியிருக்கலாமில்லீங்களா?"

அன்றைக்கு அவள் குரல் மாறியிருந்தது எனக்கு இப்போது கேட்கிறது. அன்று எனக்குக் கேட்கவில்லை. பாயிண்ட்டில்லாமல் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறாள் என்று மட்டும் நினைத்தேன்.

தீர்ப்பு ஐப்பசி பிறக்கும் சமயத்தில், நவராத்திரி நடந்துகொண்டிருந்தபோது வந்தது. காலையிலேயே குளித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவரும் வாசிக்க வாசிக்க நோட்டில் எழுதினேன். திருமணம் அடிப்படை உரிமை என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இருக்கிற சட்டத்தை நாங்கள் திருத்தி எழுத முடியாது, நாடாளுமன்றம்தான் பார்க்க வேண்டும் என்பதில் ஐந்து பேருக்கும் ஒரே எண்ணம். திருமணம் என்ற பெயரில்லாமல் சேர்ந்து வாழ்வதற்காவது சட்டத்தில் ஓர் இடம் வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். மூன்று பேர் மறுத்தார்கள். மூன்றுதான் தீர்ப்பு.

ஆறு மாதமாக நான் சொன்னதையே டெல்லியில் ஐந்து பேர் சொல்கிறார்கள். ஒரு கிளார்க்குக்கு இதைவிட என்ன வேண்டும். டிவியை அணைக்காமலே மகளுக்குப் போன் போட்டேன்.

"பாத்தியா சாமி. அப்பன் சொன்னனா இல்லியா? ஒரு வரி பிசகல. பார்லிமெண்டுக்குப் போன்னுட்டாங்க."

"ஆமாங்ப்பா. நீங்கதான் ஜெயிச்சீங்க."

"இனி நீ அப்பீலுக்குக்கூடப் போக முடியாது பாத்துக்க. இதுக்கு மேல கோர்ட்டே இல்ல." நான் சிரித்தேன்.

"சரிங்ப்பா. ஆபீஸ்ல கூப்படறாங்க, வெச்சறட்டுங்களா?"

திரும்பிப் பார்த்தபோது என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று உள்ளே போய்விட்டாள். அன்று மத்தியானம் ரசத்தில் உப்பே இல்லை. சொன்னேன். அவள் உப்பு ஜாடியை எடுத்து வந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

தீபாவளிக்கு மகள் வரவில்லை. வேலை அதிகம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை போன்கள் இரண்டு நிமிடத்தில் முடிந்தன.

மார்கழிக் கடைசியில் வாழப்பாடியிலிருந்து அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். தட்டில் குங்குமமும் வெற்றிலை பாக்கும் வைத்து, மேலே கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை ஓசூரில் வேலை. தை மாதம் முகூர்த்தம், வாழப்பாடியிலேயே மண்டபம். நல்ல மனிதர், வெயிலில் கறுத்த கைகள், நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணுதான் சார் அவளுக்கு அந்த ஊர்ல எல்லாமே," என்றார். "ரெண்டு வருஷமா கல்யாணப் பேச்சு எடுத்தாலே பிடி கொடுக்க மாட்டா. இந்தத் தீபாவளிக்கு வந்தவ, உங்க இஷ்டம்ப்பான்னு சொல்லிட்டா. நீங்க குடும்பத்தோட வரணும். உங்க பொண்ணு முன்னாடி நாளே வந்துடணும்."

அவசியம் வருகிறோம் என்று அனுப்பிவைத்தேன். தோழிக்குக் கல்யாணம் என்று இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மகளைக் கூப்பிடப் போனேன். மனைவி வந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"போதுங்க," என்றாள். "போன்ல பேசுனது போதும்."

"என்ன போதும்?"

"உங்களுக்கு நெசமாவே தெரியலீங்களா?"

பிறகு சொன்னாள். இரண்டு வருடமாக அவளுக்குத் தெரியுமாம். மகள் வாய்விட்டுச் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ஒரு பொங்கலுக்கு வந்தபோது மகளுக்குக் காய்ச்சல். விடிய விடிய அந்தப் பெண் நெற்றியில் துணி நனைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். "நான் உங்களுக்கு ஒடம்பு சரியில்லீன்னா எப்படி உக்காந்திருப்பனோ அப்படி உக்காந்திருந்தா," என்றாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கோர்ட்டுல நல்லபடியாச் சொல்லிட்டா நீங்க ஒத்துக்குவீங்கன்னு இருந்தனுங்க. அவளும் அப்படித்தான் இருந்திருப்பா. கோர்ட்டு ஆர்டருக்கு எதிரா நீங்க ஒரு நாளும் பேசுனதில்லீல்ல."

மறுநாள் காலை ரயிலில் பெங்களூர் போனேன். வீட்டுக் கதவைத் திறந்த மகள் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. அம்மா சொல்லியிருப்பாள். இரண்டு அறை வீடு. ஒரு பீரோ திறந்து கிடந்தது, உள்ளே ஹேங்கர்கள் மட்டும் இருந்தன. அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். "நான் சட்டத்தப் பத்தித்தான் சாமி பேசுனேன். உன்னப் பத்தின்னு எனக்குத் தெரியாது," என்றேன்.

"தெரியும்ப்பா. நீங்க சொன்னது தப்பில்ல. தீர்ப்பும் அப்படித்தானே வந்துச்சு."

"தீர்ப்பு வந்த அன்னைக்கு நீ ஆபீஸ்லதான இருந்த?"

"இல்லீங்க. ரெண்டு பேரும் லீவு போட்டுட்டு இங்கதான் உக்காந்து பாத்துட்டிருந்தோம். நல்லபடியா வந்தா அன்னைக்கே உங்ககிட்டச் சொல்றதுன்னு இருந்தோம். உங்ககிட்டச் சொல்லிட்டு, நீங்க கூட வந்தா அவங்க ஊட்ல பேசறதுன்னு. அவங்கப்பா படிச்சவங்க பேச்சக் கேப்பாரு, கோர்ட்டுல இருந்தவருன்னா இன்னும் கேப்பாருன்னு அவதான் சொன்னா." தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "தீர்ப்பு வேற மாதிரி வந்ததுக்கப்புறமும் அவ சொன்னா, அப்பாகிட்ட எப்படியாச்சும் சொல்லீரலாம், அவரு நல்லவருதான்னு. அப்பத்தான் உங்க போன் வந்துச்சு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சுப்பா," என்றாள். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. கேட்டதற்குத் தகவல் சொல்வதுபோல் சொன்னாள்.

வாழப்பாடிக்கு நான் போய்ப் பேசுகிறேன் என்றேன். என்ன பேசுவீர்கள் என்று கேட்டாள். "அவளே சரின்னு சொல்லிட்டாங்ப்பா," என்றாள். "யாரும் அடிச்சு ஒத்துக்க வெக்கல. ரெண்டு ஊட்ல ஒரு ஊடாச்சும் நமக்கு இருக்கும்னு நெனச்சிருந்தா. அது இல்லீன்னதும் அவளுக்கு மனசு விட்டுப்போச்சு."

அந்த வீட்டில் அன்று சமைக்கவில்லை. கீழே போய் இரண்டு பொட்டலம் சாப்பாடு வாங்கி வந்தேன். அவள் சாப்பிட்டாள். நான் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்கால ரயிலுக்கு என்னை ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டாள்.

இதைப் பல தடவை எனக்குள் விசாரித்துப் பார்த்துவிட்டேன். சட்டமன்றம் எழுத வேண்டியதை நீதிமன்றம் எழுதலாமா என்று இன்று என்னைக் கேட்டாலும் கூடாது என்றுதான் சொல்வேன். அதில் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை என் வீட்டுக்கு மருமகளாகவோ மகளாகவோ ஏற்றுக்கொள்ள எனக்கு எந்த நீதிபதியின் உத்தரவும் வேண்டியிருக்கவில்லை. அதற்கு மனுப் போட வேண்டியதில்லை, மூன்றுக்கு இரண்டு என்று எண்ண வேண்டியதில்லை. யாருக்கு என்ன அதிகாரம் என்று ஆறு மாதம் பேசினேன். எனக்கு என்ன அதிகாரம் இருந்தது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் போக வேண்டாம் என்றேன். மகள் போவேன் என்றாள். "நான் போவலீன்னா அவ மேடையில என்னயவே தேடிட்டிருப்பா."

முதல் நாளே போகவில்லை. முகூர்த்தத்தன்று விடியும்போது மூவரும் காரில் கிளம்பினோம். ஆத்தூர் ரோட்டில் பனி இருந்தது. மகள் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். பின்னாலிருந்து அவள் காதும் கழுத்தும் மட்டும் தெரிந்தன. அம்மாவின் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தாள்.

மண்டப வாசலில் அந்த அப்பா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மகளைப் பார்த்து, "நேத்தே வருவன்னு பாத்தோம், வாம்மா, மேல ரூம்ல இருக்கா, போய்ப் பாரு," என்றார். மகள் போகவில்லை. இருக்கட்டுங்க, அலங்காரத்தில் இருப்பாள், தொந்தரவு வேண்டாம் என்றாள்.

நான்காவது வரிசையில் உட்கார்ந்தோம். மணப்பெண் வந்து மணையில் உட்கார்ந்தாள். தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். மகள் சொன்னது சரிதான், தேடினாள். கண்டதும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

அட்சதைத் தட்டு வந்தது. மனைவி எடுத்தாள், நான் எடுத்தேன், மகளும் எடுத்தாள். மேளம் உயர்ந்தது. எல்லாரும் எழுந்து நின்று தூவினார்கள். என் பக்கத்தில் மகளும் கையை உயர்த்தித் தூவினாள். முகத்தில் ஒன்றுமில்லை. என் கை மட்டும் எழவே இல்லை. என் மனைவி என் விரல்களைப் பிரித்து அரிசியை எடுத்து, எனக்கும் சேர்த்து அவளே தூவினாள்.

சாப்பிடாமல் வந்தால் தப்பாக நினைப்பார்கள் என்று பந்தியில் உட்கார்ந்தோம். பிறகு மேடை ஏறினோம். அந்தப் பெண் என் மனைவியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். என்னிடம் வந்து, "வந்ததுக்கு சந்தோஷம்ப்பா," என்றாள். "நல்லா இரு சாமி," என்றேன். என்னை மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது அதுதான். அவளும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். போட்டோக்காரர் இந்தப் பக்கம் பாருங்கள் என்றார். இருவரும் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் மகள் டிரைவரிடம் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். இறங்கிப்போய் ஒரு புளியமரத்தடியில் வாந்தி எடுத்தாள். அவள் அம்மா முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். நான் தண்ணீர்ப் பாட்டிலோடு இரண்டு அடி தள்ளி நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்து என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி வாய் கொப்பளித்தாள். போலாங்ப்பா என்றாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. மாதம் ஒரு முறை வருகிறாள். அம்மாவின் முழங்காலுக்கு மருந்து வாங்கி வருகிறாள், எனக்கு பிபி பார்க்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். நான் எது சொன்னாலும் சரிங்ப்பா என்கிறாள். எதையும் மறுத்துப் பேசுவதில்லை. பேப்பரில் வரும் வழக்குகளை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதற்கும் அப்படீங்களா என்றுதான் கேட்கிறாள்.

கல்யாணத்துக்கு அடுத்த மார்கழிக் கடைசியில், அந்தத் தீர்ப்பின்மேல் போட்ட மறுசீராய்வு மனுக்களையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். மகளிடம் சொல்லவில்லை. அதற்குச் சில மாதம் கழித்து சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வந்தது. வீட்டார் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவளுடைய துணையான இன்னொரு பெண்ணோடு அனுப்பிவைத்த ஆட்கொணர்வு வழக்கு. குடும்பம் என்று ஒன்று அமைவதற்குத் திருமணம் மட்டுமே வழியல்ல என்று அதில் எழுதியிருந்தார்கள். ஜெராக்ஸ் கடையில் முழு உத்தரவையும் பிரிண்ட் எடுத்து நான்கு தடவை படித்தேன். சட்டத்தில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. இருக்கிற அதிகாரத்துக்குள்ளேயே நின்று எழுதியிருந்தார்கள்.

மகள் வந்தபோது அதை அவள் முன்னால் வைத்தேன். இரண்டு பக்கம் படித்தாள். "நல்லா எழுதியிருக்காங்கப்பா," என்று மடித்து வைத்தாள்.

"சாமி," என்றேன். "உனக்கு யாரப் புடிச்சாலும் இந்த ஊட்டுக்குக் கூட்டிட்டு வா. யாரா இருந்தாலும். நான் வாசல்ல வந்து கூப்படறேன்."

தலையாட்டினாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து அம்மாவோடு தட்டைப்பயறு உரிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவளை ரயிலேற்ற ஜங்ஷனுக்கு நடந்து போனேன். வண்டி இருபது நிமிடம் தாமதம். பிளாட்பாரத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் கேட்காமலே அவள் சொன்னாள்: "அவளுக்குப் பொண்ணு பொறந்திருக்குதுங்ப்பா."

வாழப்பாடிப் பெண்ணைப் பற்றிக் கல்யாணத்துக்குப் பிறகு அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"போய்ப் பாத்தியா?"

"இல்லீங்க. போட்டோ அனுப்பியிருந்தா. மூக்கு அப்படியே அவளாட்டமே இருக்குது."

காட்டு என்று நான் கேட்கவில்லை. அவளும் போனை எடுக்கவில்லை. வண்டி வருவதாக அறிவித்தார்கள். பையை அவளே எடுத்துக்கொண்டாள். ஏறி இடம் பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்ததும், "வெயில் ஏறுது, நீங்க நிக்காம போங்கப்பா," என்றாள். சரி என்றேன். வண்டி நகர்ந்து கடைசிப் பெட்டி போகும்வரை நின்றுவிட்டு, வீட்டுக்கு நடந்தேன்.